கல்வராயன் மலைத் தாவரங்களும் குழந்தைகளுக்கான துணி அச்சு வடிவங்களும்: ஹவாய் மரபுடன் ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தாவரம் துணியில் மூன்று வழிகளில் இடம்பெறுகிறது. சாயமாக அமைவது முதல் வழி. அச்சுக்கருவியாக அமைவது இரண்டாவது. வரைவடிவமாக அமைவது மூன்றாவது. ஹவாய்த் தீவுகளின் மரப்பட்டைத் துணி மரபில் இம்மூன்றும் ஒன்றாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வரைவடிவம் மட்டும் தனித்து எஞ்சியது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலைத் தாவரங்களை அடிப்படையாகக் கொண்டு குழந்தைகளுக்கான துணி அச்சு வடிவங்களை உருவாக்க முனைவோருக்கு அம்மாற்றம் ஒரு பாடமாக அமைகிறது. மலையின் கடுக்காய், கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பக் கலை, கருப்பூர்க் கலம்காரியின் சாய முறை ஆகிய மூன்றும் அடுத்தடுத்த நிலப்பகுதிகளில் உயிருடன் உள்ளன. இவற்றை இணைக்கும் வாய்ப்பையும், இல்லாத ஒரு மரபைப் புனைந்து கூறுவதால் விளையும் இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, மலையாளி பழங்குடியினர், கடுக்காய், கலம்காரி, அச்சுக்கட்டை, கப்பா, குறிஞ்சிப்பாட்டு, புவிசார் குறியீடு.

முன்னுரை

குழந்தைகளின் ஆடைகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் தாவர வடிவங்கள் எந்த நிலத்திற்கும் உரியன அல்ல. ஐந்து இதழ்ப் பூ ஒன்று, பெயரில்லாத இலை ஒன்று, தென்னை போன்ற மரம் ஒன்று எனப் பொதுமையாக்கப்பட்ட உருவங்களே மீள மீள அச்சிடப்படுகின்றன. ஆடை என்பது குழந்தை எழுத்தறிவு பெறுவதற்கு முன்பே நாள்தோறும் பார்த்துப் பழகும் படம். அப்படத்தில் உள்ள செடியைச் சுட்டித் தாய் ஒரு பெயரைச் சொல்ல இயலுமானால் துணி ஒரு கல்விக்கருவியாகிறது. இயலாதபோது அது வெறும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

உள்ளூர்த் தாவரங்களையும் பண்பாட்டையும் கொண்டு அச்சு வடிவங்களை உருவாக்கி, அவற்றை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற நிலப்பகுதிகளுள் ஹவாய் முன்னிற்கிறது. அதன் வெற்றியும் இழப்பும் நன்கு அறியப்பட்டவை. 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் கள்ளக்குறிச்சிக்கு அவ்வகை முயற்சிக்குரிய வளங்கள் பல உள்ளன. அவ்வளங்கள் எவை, அவற்றை எம்முறையில் இணைத்தல் தகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. ஹவாய்: துணியில் வாழ்ந்த செடி

ஹவாய் மக்களின் பழைய துணி நெய்யப்பட்டதன்று. 'வாவுக்கே' எனப்படும் காகித மல்பெரிச் செடியின் உள்பட்டையை ஊறவைத்து, மரத்தடியால் அடித்து மெலிதாக்கி உருவாக்கப்பட்டது அது. அதன் பெயர் 'கப்பா'. மூங்கில் பட்டைகளின் நுனியில் செதுக்கப்பட்ட சிறு அச்சுகளைச் சாயத்தில் தோய்த்து அதன்மீது ஒற்றினர். இவ்வச்சுகள் 'ஓஹெ காபலா' எனப்பட்டன. சாயங்களும் செடிகளிலிருந்தே கிடைத்தன. 'ஓலெனா' மஞ்சள் நிறத்தையும், 'நோனி'யின் வேரும் பட்டையும் மஞ்சள், சிவப்பு நிறங்களையும், 'குக்குயி' கொட்டையை எரித்துப் பெற்ற கரி கருநிறத்தையும் தந்தன.

இங்குத் தமிழ் ஆய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓலெனா என்பது தமிழகத்தின் மஞ்சளே. நோனி, தமிழில் நுணா, மஞ்சணத்தி என வழங்கும் மரங்களின் பேரினத்தைச் சார்ந்தது. 'கலோ' எனப்படும் ஹவாயின் உயிர்நாடிப் பயிர், நம் நீர்க்கரைகளில் வளரும் சேம்பே ஆகும். பாலினேசியக் கடலோடிகள் தம் படகுகளில் கொண்டுசென்று தீவுகளில் நட்ட செடிகள் இவை. எனவே, ஹவாயின் சாய அறிவும் தமிழகத்தின் சாய அறிவும் ஓரளவு ஒரே தாவரக் குடும்பங்களின்மீது எழுந்தவை எனலாம்.

சேம்பு ஹவாய் மக்களுக்கு உணவுப்பயிர் மட்டுமன்று. இறந்து பிறந்து மண்ணில் புதைக்கப்பட்ட முதற்குழந்தையின் உடலிலிருந்து சேம்பு முளைத்தது என்றும், அதன்பின் பிறந்த குழந்தையே மனிதகுலத்தின் மூதாதை என்றும் அவர்தம் தொன்மம் கூறும். இதன்படி சேம்பு மனிதனுக்கு அண்ணன் ஆகிறது. இத்தொன்மத்தை அறிந்த வீட்டில் குழந்தையின் ஆடையிலுள்ள சேம்பிலை உறவுமுறையைச் சுட்டும் குறியாகும். அறியாத வீட்டில் அது அகன்ற பச்சை இலை மட்டுமே. வரைவடிவம் ஒன்றே; அதனுடன் வரும் அறிவுதான் வேறுபடுகிறது.

1820க்குப் பின் மேலைநாட்டுப் பருத்தித்துணி பரவியதும் கப்பா வழக்கு தேய்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ மறைந்தது. 1930களில் ஹொனலூலு நகரத்துத் தையற்கடைகளில் 'அலோஹா சட்டை' தோன்றியது. தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டவற்றுள் பெரும்பங்கு ஜப்பானிய அச்சுத்துணிகளாகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆல்பிரெட் ஷாஹீன் போன்றோர் ஹொனலூலுவிலேயே அச்சுக்கூடம் அமைத்து, கப்பா வடிவங்களையும் தீவுத் தாவரங்களையும் ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தனர். சுற்றுலா வளர்ந்தபோது அவ்வடிவங்கள் பெரியோர், குழந்தைகள் என அனைவரின் ஆடைகளிலும் பரவின.

பரவிய வடிவங்களைத் தாவரவியல் நோக்கில் ஆராய்ந்தால் ஒரு முரண் புலப்படும். ஹவாயின் அடையாளமாக உலகம் கருதும் பூக்களுள் பல அத்தீவுகளுக்கு உரியவை அல்ல. ஈழத்தலரி எனப்படும் புளுமேரியா அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சார்ந்தது. பெருந்துளை இலையுடைய மான்ஸ்டெரா மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளுக்கு உரியது. சொர்க்கப்பறவைப் பூ தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அன்னாசி தென்னமெரிக்கச் செடி. தீவுக்கே உரிய மஞ்சள் செம்பருத்தி வகையொன்று 1988இல் மாநில மலராக அறிவிக்கப்பட்டபோதும், துணிகளில் பெரிதும் காணப்படுவன கலப்பின வளர்ப்புச் செம்பருத்திகளே. வரைவடிவம் சாயத்திலிருந்தும் கருவியிலிருந்தும் பிரிந்தபின், அது சொந்த மண்ணின் செடியிலிருந்தும் பிரிந்துவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று. 1970களுக்குப் பின் கப்பா மரபை மீட்டெடுத்த கலைஞர்கள் வடிவங்களை மட்டும் மீட்கவில்லை. வாவுக்கேயைப் பயிரிடுவதிலிருந்து தொடங்கினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

2. தமிழ் மரபில் பூவும் துணியும்

தமிழ் இலக்கியத்தில் தாவரமே ஆடையாகும் நிலை தழையுடையில் காணப்படுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கின்றனர், தழையுடையும் உடுத்துகின்றனர். அப்பட்டியல் காந்தளில் தொடங்குகிறது. கோங்கம், ஆவிரை, பலாசம், வேங்கை ஆகியனவும் அதில் உள்ளன. மரபுவழிச் செய்தி கபிலரின் இறுதி நாள்களை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூருடன் இணைக்கிறது. தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று என வழங்கும் பாறை உள்ளது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் கபிலரைக் குறிப்பிடுகிறது. குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் அனைத்தும் கல்வராயன் மலையில் பூத்தவை என்று கூற இடமில்லை. ஆயினும், மலைப்பூக்களைப் பெயர்சொல்லி எண்ணும் மரபுக்கு இந்நிலப்பகுதியில் ஒரு நினைவுத்தொடர்பு உண்டு என்பது தெளிவு.

துணிக்குத் தாவரப்பெயர் இடும் வழக்கும் பழமையானது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் முப்பத்தாறு துகில் வகைகளுள் 'கோங்கலர்', 'பச்சிலை' என்னும் பெயர்கள் உள்ளன. இவை நிறத்தைச் சுட்டினவா, வடிவத்தைச் சுட்டினவா என்பது ஆராய்ச்சிக்குரியது. இரண்டில் எதுவாயினும், வாங்குவோர் அத்துகிலைக் கோங்கம்பூவுடன் சேர்த்தே அறிந்தனர். பட்டுநெசவில் மல்லிமொக்கு, தாழம்பூ, மாங்காய் முதலிய பெயர்கள் இன்றும் வழங்குவது இம்மரபின் தொடர்ச்சியே.

அச்சும் சாயமும் கலந்த தமிழகத் துணிக்கலையின் உச்சங்களுள் ஒன்று கோடாலிக்கருப்பூர்ச் சேலை. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக்கரையை அடுத்துள்ள அவ்வூரில், தஞ்சை மராத்திய அரசகுடும்பத்தினருக்காகச் சரிகை ஊடிழைத்து நெய்த துணிமீது மெழுகுத் தடுப்பு முறையிலும் நிறப்பிடிப்பு முறையிலும் சாயம் ஏற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரச ஆதரவு நீங்கியதும் அச்சேலை மறைந்தது. ஆயின், தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பை, தோரணம், விதானம் ஆகியவற்றை வரையும் வழக்கு தொடர்ந்தது. கருப்பூர்க் கலம்காரி ஓவியம் என்னும் பெயரில் அக்கலை 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அதே ஆண்டில் அக்குறியீட்டைப் பெற்றது.

3. கடுக்காய்: மலையிலிருந்து துணிக்கு

கல்வராயன் மலை கிழக்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றுக்கு நடுவே அமைந்துள்ளது. கோமுகி, மணிமுக்தா ஆறுகளுக்கு நீர் தருவது இம்மலையே. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தமிழகப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகுந்தோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியரின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் கதை அவர்களிடையே வழங்குகிறது. சாமை, கேழ்வரகு, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிடுவதும், கடுக்காய், புளி, நெல்லி, தேன் முதலிய வனப்பொருள்களைத் திரட்டுவதும் அவர்தம் வாழ்வாதாரங்கள்.

இவற்றுள் துணிக்கலையோடு நேர்த்தொடர்பு உடையது கடுக்காய். சித்த மருத்துவத்தின் திரிபலையுள் ஒன்றாகவே இது பெரிதும் அறியப்பட்டுள்ளது; ஆனால் கலம்காரிக்கு இதுவே அடித்தளம். கடுக்காயில் துவர்ப்புப் பொருளாகிய டானின் மிகுதி. கடுக்காய்ப்பொடியைப் பாலில் கலந்து பருத்தித்துணியை நனைத்து உலர்த்துவர். டானின் பருத்தி இழையைப் பற்றிக்கொள்கிறது. பாலிலுள்ள கொழுப்பும் புரதமும், பின்னர் இடப்படும் கரைசல் துணியில் பரவிக் கலங்காமல் தடுக்கின்றன. இரும்புத்துண்டுகளை வெல்லநீரில் புளிக்கவைத்துப் பெறும் கரைசலால் இத்துணியில் கோடு வரைந்தால், அக்கோடு டானினுடன் வினைபட்டுக் கருமையாகிறது. படிகாரக் கரைசல் இட்ட இடம், பின்னர்ச் சாயவேரில் கொதிக்கவைக்கும்போது சிவப்பாகிறது. கரைசல் படாத இடத்தில் சாயம் நிலைப்பதில்லை. அலசியும் வெயிலில் உலர்த்தியும் அதனை வெளுக்கச் செய்வர். அவுரியின் நீலத்திற்கு மட்டும் வேறு முறை வேண்டும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடித் துணியைத் தொட்டியில் தோய்ப்பர்.

இம்முறையின் நுட்பங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பதிவுசெய்தது புதுச்சேரிப் பகுதியிலேயே. 1734ஆம் ஆண்டளவில் போலியு என்னும் பிரெஞ்சு அதிகாரி, ஒவ்வொரு படிநிலையிலும் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சேர்த்துக் குறிப்பு எழுதினார். 1742இல் கூர்டு பாதிரியார் தம் மடலில் இதனை விரிவாக விளக்கினார். திராவிட மொழியாய்விலும் பெயர்பெற்றவர் அவர். அக்குறிப்புகளின் நோக்கம் பிரான்சில் இத்தொழிலைத் தொடங்குவது. வடிவத்தைப் பார்த்து வரைவதற்கு ஐரோப்பியருக்கு எவர் உதவியும் தேவைப்படவில்லை. கடுக்காய், பால், படிகாரம், சாயவேர் ஆகியவற்றின் வரிசைமுறையே அவர்கள் தேடிய அறிவு. வரைவடிவத்தைவிடச் செய்முறை அறிவே அரிய செல்வம் என்பதை அன்றைய வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

தென்னார்க்காடு மாவட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரி விளைச்சலுக்குப் பெயர்பெற்றிருந்தது. கள்ளக்குறிச்சி அம்மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1868இல் ஜெர்மானிய வேதியியலார் சாயவேரின் செந்நிறக்கூறாகிய அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. இவ்விரண்டும் சாயவேர், அவுரிப் பயிர்களை வீழ்த்தின. கடுக்காய்க்கு வேறு பயன்கள் இருந்தமையால் அதன் திரட்டல் நிற்கவில்லை. எனினும், மலையில் அதனைத் திரட்டுவோருக்கும் துணியில் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்தது. இன்று கடுக்காய் எடைக்கு விற்கப்படும் மூலப்பொருள். அது எந்தத் துணியின் கருமையாயிற்று என்பதைத் திரட்டியவர் அறிய வழியில்லை.

4. செடியை அறிந்து வரைதல்

பெயரை மட்டும் கொண்டு செடியை வரைவதால் நேரும் பிழைக்குக் கடுக்காயே சான்று. 'கடுக்காய்ப்பூ' என்று நாட்டு மருந்துக்கடைகளிலும் சாயக்கூடங்களிலும் வழங்குவது பூவன்று. பூச்சியின் தாக்குதலால் கடுக்காய் இலையில் உண்டாகும் புடைப்பு அது. படிகாரத்துடன் மஞ்சள் நிறம் தருவது. பெயரை நம்பி ஓவியர் ஒருவர் அழகிய மலரை வரைந்து 'கடுக்காய்ப்பூ' எனப் பெயரிட்டால், அது பொய்ப்படமாகும். மாறாக, உலர்ந்த கடுக்காய் ஐந்து வரம்புகளை உடையது. அதன் குறுக்குவெட்டு ஐங்கோண விண்மீன் போன்ற வடிவம் தரும். குழந்தைகளின் துணிக்கு ஏற்ற, எளிதில் செதுக்கத்தக்க அச்சு வடிவம் இது. இவ்வடிவம் காயை அறுத்துப் பார்த்தவருக்கே தோன்றும்.

வேங்கை இன்னொரு சிறந்த வடிவம். கிழக்குத்தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளுக்குரிய இம்மரத்தின் மஞ்சள் பூக்கள் பாறைமீது உதிர்ந்து கிடக்கும் தோற்றம் புலிக்குட்டியை ஒத்தது எனச் சங்கப்பாடல்கள் கூறும். பூக்கொய்யும் மகளிர் 'புலி புலி' என ஆரவாரிக்கும் வழக்கும் அவற்றில் பதிவாகியுள்ளது. ஒருபுறம் பார்த்தால் பூக்கள், மறுபுறம் பார்த்தால் புலி எனத் தோன்றும் அச்சு, குழந்தையின் விளையாட்டு மனத்திற்கு உகந்தது. குறிஞ்சித்திணையின் ஒரு மரபையும் அது கையளிக்கிறது. வேங்கைப் பிசினால் குழந்தைக்குப் பொட்டு இடும் வழக்கும் இம்மரத்தைக் குழந்தையின் உலகத்துடன் முன்னரே இணைத்துள்ளது.

சாமைக்கதிர் வளைந்து தாழும் கோட்டு வடிவம் உடையது. துணியின் கரைப்பகுதிக்கு அது பொருந்தும். மலையில் பெய்யும் மழையும் மலையாளி குடும்பங்களின் உணவும் அக்கதிரில் அடங்கியுள்ளன. நகரக் குழந்தைக்கு நெற்கதிரையே அடையாளம் காண்பது அரிதாகிவரும் காலத்தில், சாமைக்கும் நெல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் அச்சு பயனுடையது.

காந்தள் தனித்த கவனத்திற்குரியது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய இது மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும் சுடர்போன்ற இதழ்களும், பற்றுக்கம்பியாய் நீளும் இலைநுனியும் உடையது. வடிவமைப்பாளர் எவரும் முதலில் தேர்வது இதனையே. ஆனால் இச்செடி முழுதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் உயிரைப் பறிக்கவல்லது. ஆடையில் பார்த்துப் பழகிய பூவைக் குழந்தை வேலியில் கண்டால் அஞ்சாமல் கைநீட்டும். காந்தளை விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. 'பார்க்கலாம், பறிக்கக்கூடாது' என்னும் எச்சரிக்கை அத்துணியின் பெயர்ச்சீட்டிலும் உடன்வரும் படக்குறிப்பிலும் இடம்பெற வேண்டும். வடிவத்துடன் அறிவும் வரவேண்டும் என்னும் கருத்து இங்கு அழகியலைக் கடந்து உயிர்ப்பாதுகாப்பாகிறது.

5. சிற்பியின் உளியும் அச்சுக்கட்டையும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளின் மரச்சிற்பிகள் தெய்வ உருவங்களிலும் கோயில் சார்ந்த வேலைப்பாடுகளிலும் தேர்ந்தவர்கள். கொடி, இலை, மொட்டு ஆகியவற்றைச் செதுக்குவது அவர்களுக்குப் புதிதன்று. சிற்பத்தின் திருவாசியிலும் பீடத்திலும் கொடிக்கருக்கு இடம்பெறுவது வழக்கமே. ஆகவே, அச்சுக்கட்டை செதுக்குதலை அவர்கள் மேற்கொள்வது இயல்பான விரிவாகத் தோன்றும். எனினும், இரண்டும் ஒரே கலையல்ல.

சிற்பத்தில் ஆழவேறுபாடே அழகு. அச்சுக்கட்டையில் மையேற்கும் மேற்பரப்பு முழுதும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். சிற்பம் நேராகப் பார்க்கப்படுவது. கட்டையிலுள்ள வடிவம் துணியில் இடவலம் மாறி விழும். வேங்கைப்பூவுக்கு இது பொருட்டன்று. இடஞ்சுழி வலஞ்சுழி வேறுபாடு உள்ள கொடிக்கும், செடியின் பெயரைத் தமிழ் எழுத்தில் பொறிப்பதற்கும் இது முதன்மையானது. ஒவ்வொரு நிறத்திற்கும் தனிக்கட்டை வேண்டும். எல்லைக்கோட்டுக் கட்டையும் நிரப்புக் கட்டையும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு கட்டையின் வலப்பக்க விளிம்பு, அடுத்து ஒற்றும்போது இடப்பக்க விளிம்போடு இணைந்து கொடி அறாமல் தொடர வேண்டும். ஆந்திரத்தின் பெடனாவில் மச்சிலிப்பட்டினக் கலம்காரிக்குத் தேக்குக்கட்டை செதுக்குவோர் இந்நுட்பங்களில் தலைமுறைப் பயிற்சி உடையவர்கள். அவர்களிடம் கள்ளக்குறிச்சிச் சிற்பிகள் பயிலுதலும், சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலைஞர்கள் சாயமுறையைக் கற்பித்தலும் நடைபெற்றால் இவ்விணைப்பு நிலைபெறும்.

குழந்தைத்துணி என்பதனால் வேறு சில வரையறைகளும் உண்டு. குழந்தை துணியை வாயில் வைக்கும். வியர்வை, உமிழ்நீர், அடிக்கடி துவைத்தல் ஆகியவற்றைத் துணி தாங்க வேண்டும். புற்றுநோய் விளைவிக்கவல்ல அமைன்களை வெளியிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1990களின் நடுவில் கட்டுப்படுத்தியது. இந்தியாவும் 1997இல் அவ்வகைச் சாயங்கள் பலவற்றைத் தடைசெய்தது. பன்னாட்டு ஓக்கோ-டெக்ஸ் தரச்சான்று மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் துணிக்கே மிகக் கடுமையான வரம்புகளை வைத்துள்ளது. கடுக்காய், படிகாரம், இரும்பு, அவுரி ஆகியவற்றால் அமையும் முறை இவ்வகையில் நன்மையுடையது. ஆயின், இயற்கைச் சாயம் என்பதனாலேயே எல்லாம் சிறந்தது என்றாகாது. மஞ்சள் வெயிலில் விரைவில் வெளுக்கும். இரும்பும் டானினும் சேர்ந்த கருமை, மிகையானால் நாளடைவில் பருத்தி இழையை நலிவிக்கும். செம்பு, குரோமியம் போன்ற நிறப்பிடிப்பான்கள் குழந்தைத்துணிக்கு ஏற்றனவல்ல. இவ்வரையறைகளை ஏற்றால் கருமை, செம்மை, நீலம், துணியின் பழுப்பு வெண்மை என நான்கு நிறங்களே எஞ்சும். கருப்பூர் மரபு பெரிதும் இயங்கியது இந்நிறங்களுக்குள்ளேயே. எனவே இது குறையன்று, ஓர் அடையாளமே.

சாயநீர் சேரும் இடமும் கருதப்பட வேண்டும். திருப்பூரில் நொய்யலாறு மாசடைந்ததன் விளைவாக, 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சாயமும் பாலும் கலந்த கழிவுநீர் இயற்கையானதாயினும் சிற்றாற்றுக்குச் சுமையே. கோமுகிக்கரையில் இத்தொழில் தொடங்குமாயின், நீர் மீட்புக்கான ஏற்பாடு தொடக்கத்திலேயே அமைய வேண்டும்.

6. உரிமையும் பெயரும்

இம்முயற்சியில் மிகுந்த விழிப்புக்குரியது பெயரிடல். நெசவோ துணி அச்சோ மலையாளி பழங்குடியினரின் மரபுத்தொழில் அன்று. எனவே 'கல்வராயன் பழங்குடி அச்சு' என ஒரு பெயரைச் சூட்டி விற்பது, இல்லாத மரபொன்றைப் புனைவதாகும். ஹவாயில் வரைவடிவம் தன் மண்ணின் துணி மரபிலிருந்து பிரிந்தது; இங்கோ பிரிவதற்குரிய துணி மரபே இல்லை. இம்மக்களுக்கு உரியது செடியைப் பற்றிய அறிவு: அது எப்போது காய்க்கும், எவ்வளவு திரட்டினால் மரம் நிலைக்கும், எதனை உண்ணலாம், எதனை உண்ணலாகாது என்பன. நேர்மையான பெயர்ச்சீட்டு மூன்று செய்திகளைத் தனித்தனியே கூறும்: செடியும் செடியறிவும் கல்வராயன் மலையினருடையன, கட்டை கள்ளக்குறிச்சிச் சிற்பியுடையது, சாயமுறை கருப்பூர் மரபினது.

சட்டப் பாதுகாப்பும் இம்மூவருக்கும் ஒரே அளவில் இல்லை. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் மரச்சிற்பத்திற்கும் கலம்காரிக்கும் பெயருரிமை தந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவங்களுக்கே உரியது. வெளியிலிருந்து வரும் நிறுவனமொன்று கடுக்காய் விண்மீனைச் சற்று மாற்றி வரைந்து பதிவுசெய்துகொள்ள இயலும். செடியறிவைத் தந்த மலையினருக்கு அதில் பங்கு இல்லாமல் போகலாம். மலையினருக்குத் துணைநிற்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். சிறு வனப்பொருள்மீது உடைமையுரிமையும், பல்லுயிரியம், பண்பாட்டுப் பன்மை ஆகியன தொடர்பான மரபறிவின்மீது சமூகத்திற்குக் கூட்டு அறிவுசார் உரிமையும் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு வழங்குகிறது. கிராமசபையின் ஒப்புதலோடு செடியறிவைப் பதிவுசெய்தலும், விற்பனையில் அதற்குரிய பங்கை எழுத்துமூலம் உறுதிசெய்தலும் இவ்வுரிமையைச் செயற்படுத்தும் வழிகள். கடுக்காயை எடைக்கு விற்கும் நிலையிலிருந்து, துணியின் பெயர்ச்சீட்டில் பெயரும் வருவாயில் பங்கும் பெறும் நிலைக்கு மலையினர் உயர்வதே இம்முயற்சியின் உரைகல்.

முடிவுரை

ஹவாயின் வரலாறு, தாவர வடிவம் உலகைச் சுற்றிவரும்போது செடியின் பெயரும் பயனும் உரியவரும் பின்தங்கிவிடுவதைக் காட்டுகிறது. அங்குக் கப்பா மரபை மீட்டோர் செடியை நடுவதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கள்ளக்குறிச்சியில் அத்தகைய மீட்பு தேவையில்லை. கடுக்காய் மலையில் காய்த்துக்கொண்டிருக்கிறது; உளி சிற்பியின் கையில் உள்ளது; கலம்காரி கொள்ளிடக்கரையில் வாழ்கிறது. இவை மூன்றும் ஒரு துணியில் சேர்வதற்கு வேண்டியது புதிய அழகியல் கொள்கை அன்று. மூவருக்கும் இடையே நேரான தொடர்பும் நேர்மையான பங்கீடுமே.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் பணி உண்டு. சங்க இலக்கியப் பூப்பெயர்களுக்கு அகராதிப் பொருள் எழுதுவதோடு நில்லாமல், கல்வராயன் மலையில் அச்செடிகளுக்கு இன்று வழங்கும் பெயர்களை மலைமக்களிடமிருந்தே தொகுத்து, தாவரவியலாரின் துணையுடன் சரிபார்த்து, அவர்தம் பெயரிலேயே வெளியிடல் வேண்டும். அத்தொகுப்பு இருந்தால் வடிவமைப்பாளர் சரியான செடியை வரைவார். சிற்பி சரியான கட்டையைச் செதுக்குவார். குழந்தை தன் சட்டையிலுள்ள காயைச் சுட்டிக் கேட்கும்போது, தாய் 'கடுக்காய்' என்று விடை கூறுவாள்.